கூண்டு ஏறிய நாள் முதல் டோக்கன் வந்த நாள் வரை: மிக்ஜாம் புயலில் வட சென்னையின் நாள்கூலி

வட சென்னையில் புயலின் முதல் நட்டம் மழைத்துளி விழுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்ற செய்தி காசிமேட்டை எட்டியதும் விசைப்படகுகள் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டப்படுகின்றன, ஃபைபர் படகுகள் மணல்மேட்டுக்கு இழுக்கப்படுகின்றன, விடியற்காலை ஏலம் நின்றுபோகிறது. ஏலம் நின்றால் கடலுக்குப் போகிறவரின் பங்கு மட்டும் நிற்பதில்லை. ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், இறால் உரிப்பவர், மீனை ஏலத்தில் எடுத்துத் தெருத்தெருவாகக் கூவி விற்கும் பெண்கள், அவர்களை ஏற்றிச் செல்லும் ஷேர் ஆட்டோக்காரர் என்று அந்தச் சங்கிலி முழுவதும் வானம் வெளுத்திருக்கும்போதே வருமானத்தை இழந்துவிடுகிறது.

2023-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலை இந்தக் கோணத்திலிருந்து பார்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். வெள்ளம் வடிந்த பிறகு நடக்கும் பேச்சு பெரும்பாலும் நீரின் உயரத்தைப் பற்றியதாகவே அமைகிறது: எந்தத் தெருவில் முழங்கால் அளவு, எந்தத் தெருவில் இடுப்பளவு, எத்தனை வீட்டில் கட்டிலும் குளிர்பதனப் பெட்டியும் போயின என்றே கேட்கிறோம். யாருடைய வேலைநாள் போனது, எத்தனை நாள் போனது, போன நாளுக்கு யார் பொறுப்பேற்றார்கள் என்று கேட்பது அரிது. அன்றாடம் உழைத்து அன்றாடம் கூலி பெறும் ஒரு வீட்டில், நனைந்த கட்டிலைவிடப் போன நாளே பெரிய நட்டம் என்பதை இங்கே கணக்கிட்டுக் காட்ட முயல்கிறேன்.

நிகழ்ந்தது

நவம்பர் இறுதியில் வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு டிசம்பர் 3-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, புயலாக வலுப்பெற்றது. அன்றிரவும் மறுநாள் முழுவதும் அது சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் மிக மெதுவாக நகர்ந்ததால் மழை விட்டு விட்டுப் பெய்யாமல் தொடர்ந்து கொட்டியது. நகரின் பல இடங்களில் இரண்டு நாட்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. டிசம்பர் 5 அன்று புயல் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது.

டிசம்பர் 4, திங்கட்கிழமை, சென்னைக்கும் அண்டை மாவட்டங்களுக்கும் பொது விடுமுறை அறிவிக்கப்பட்டது. வீட்டிலிருந்தே வேலை செய்ய ஊழியர்களை அனுமதிக்குமாறு தனியார் நிறுவனங்களை அரசு கேட்டுக்கொண்டது. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையிலுள்ள 14-ஆம் எண் பாலத்தில் நீர் அபாய அளவைத் தாண்டியதால் சென்ட்ரலிலிருந்து புறப்பட வேண்டிய ரயில்கள் ரத்தாயின. விமான நிலையம் மறுநாள் காலை வரை மூடப்பட்டது. பள்ளிகள் டிசம்பர் 11-ஆம் தேதிதான் மீண்டும் திறந்தன.

ஒரே அறிவிப்பு இரு வகை வீடுகளில் இரு வேறு பொருள் கொள்வதை இங்கே காண்கிறோம். மாதச் சம்பளக்காரருக்குப் பொது விடுமுறை என்பது சம்பளத்தோடு கூடிய ஒரு நாள், கணினி முன் அமர்ந்து வேலை செய்பவருக்கு அது இடமாற்றம். மூட்டை தூக்குபவருக்கும் சித்தாளுக்கும் மீன்காரம்மாவுக்கும் வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை என்று ஒன்று கிடையாது. விடுமுறை அறிவிப்பு சரியானது, உயிரைக் காத்தது, அதில் குறை காண்பதற்கில்லை. அந்த நாளுக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

தண்ணீர் ஏன் போகவில்லை

நாள்கூலி எத்தனை நாள் நிற்கும் என்பதைப் பெய்த மழையை விட நின்ற தண்ணீரே தீர்மானிக்கிறது. ஆகையால் இப்பகுதியின் நீரோட்டத்தைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டியிருக்கிறது. பூண்டியிலிருந்து வரும் கொசஸ்தலையாறும், புழல் ஏரியின் உபரிநீரும் மணலியை ஒட்டிய தாழ்நிலங்கள் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கி வருகின்றன. புளியந்தோப்பு, பட்டாளம் பகுதிகளின் நீரை ஓட்டேரி நல்லா என்ற கால்வாய் ஏந்துகிறது. வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பகுதிகளின் நீரைக் கேப்டன் காட்டன் கால்வாய் வாங்கிக்கொள்கிறது. இரண்டும் சென்று சேர்வது பக்கிங்ஹாம் கால்வாயில். அந்தக் கால்வாயோ கடல் ஏற்றுக்கொண்டால்தான் வடியும். புயல் கரையோரம் தங்கிய அந்த இரண்டு நாட்களில் கடல் கொந்தளித்து உயர்ந்திருந்ததால் கழிமுகங்கள் நீரை வாங்க மறுத்தன. எண்ணூர்க் கழிமுகமோ அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஏற்கெனவே ஆழம் இழந்திருந்தது.

இதன் விளைவு குடியிருப்புகளில் மட்டும் தெரிவதில்லை. மணலி, மாதவரம் பக்கத்துக் கிடங்குகளும் கன்டெய்னர் யார்டுகளும் லாரி நிறுத்தங்களும் இதே தாழ்நிலத்தில்தான் இருக்கின்றன. கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பினால் வியாசர்பாடிக்காரர் வேலைக்குப் போகும் வழியும் அடைபடுகிறது. குடியிருக்கும் வீடும் வேலை செய்யும் இடமும் இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதையும் ஒரே தண்ணீரில் நிற்பது வட சென்னைத் தொழிலாளியின் தனித் துயரம்.

ஒரு வீட்டின் கணக்கு

கணக்கு புரிவதற்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் பதிவு அன்று. கொருக்குப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் இடைப்பட்ட சந்துகளில் எங்கும் காணக்கூடிய ஒரு வாடகை வீட்டின் நிலையை, அளவான கூலிக் கணக்குகளை வைத்து, நானே அமைத்துக்கொண்டது. வட சென்னையில் வளர்ந்த எவருக்கும் இந்த வீடு தெரிந்திருக்கும்.

வீட்டுத் தலைவர் மணலிப் பக்கக் கிடங்கு ஒன்றில் லோடுமேன். லோடு வந்தால் நாளுக்கு 700 ரூபாய் கிடைக்கும், வராவிட்டால் எதுவும் இல்லை. அவருடைய தாய் காசிமேட்டில் மீன் எடுத்துத் தலைச்சுமையாக விற்பவர். நல்ல நாளும் கெட்ட நாளும் சேர்த்துப் பார்த்தால் நாளுக்கு 350 ரூபாய் நிற்கும். மனைவி பெரம்பூர்ப் பக்கம் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கித் துணி துவைக்கிறார். மாதச் சம்பளம், ஆனால் வராத நாளுக்குப் பிடித்தம் உண்டு. மூத்த மகன் இருசக்கர வண்டியில் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர். பெட்ரோல் செலவு போக நாளுக்கு 600 ரூபாய். இளையவள் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள். ஒரே வீட்டில் நாளுக்கு, சுமைக்கு, ஆர்டருக்கு, பிடித்தத்தோடு மாதத்துக்கு என்று நான்கு விதமாகக் கூலி வருகிறது. நான்கு பேர் சம்பாதிக்கும் வீடு என்றால் ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். புயல் நான்கையும் ஒரே வாரத்தில் நிறுத்துகிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

முதலில் நின்றது கிழவியின் வருமானம். டிசம்பர் 1-ஆம் தேதியே படகுகள் கடலுக்குப் போகவில்லை என்று கொள்வோம். 3-ஆம் தேதி ஞாயிறு. வாரத்தில் மீன் அதிகம் விற்கும் நாள் அதுதான், ஆறு நாள் விற்பனையின் தளர்வை அந்த ஒரு நாள் சரிக்கட்டும். அதுவும் போயிற்று. புயல் கடந்த பிறகு படகுகள் போய் மீனோடு திரும்ப மேலும் சில நாட்கள் ஆகும் என்பதால் மொத்தம் 10 நாள், 3,500 ரூபாய்.

லோடுமேனின் வேலை 4-ஆம் தேதி நின்றது. கிடங்கில் தண்ணீர் நின்ற ஐந்து நாட்கள் ஒருபுறம் இருக்க, தண்ணீர் வடிந்த பிறகும் இரண்டு நாள் அவர் கிடங்கு வாசலில் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பியிருப்பார். நனைந்த சரக்கைக் கணக்கெடுத்து, காப்பீட்டுக்காரர் வந்து பார்த்து, லாரி ஓடத் தொடங்கிய பிறகே புதிய லோடு வரும். மேஸ்திரி "நாளைக்குப் பார்க்கலாம்ப்பா" என்று சொல்வது அன்பான சொல்தான்; ஆனால் அந்த இரண்டு நாளுக்கும் போகவர ஆன செலவு தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்து போனது. ஏழு நாளுக்கு 4,900 ரூபாய்.

மகனின் கதை சற்று வேறு. மழை வலுக்கும் இரவில் உணவு ஆர்டர் கூடும், மழைக்கான கூடுதல் தொகையும் செயலியில் காட்டும். அதை நம்பி நீரில் இறங்கும் இளைஞர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறோம். 3-ஆம் தேதி இரவு ஓட்டி, இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து, அடுத்த நான்கு நாட்கள் வண்டியும் இல்லாமல், மின்சாரம் இல்லாததால் கைப்பேசியில் சார்ஜும் இல்லாமல் வீட்டில் அமர்ந்தால் 2,400 ரூபாய் கூலியும், வண்டியைச் சீர்செய்ய 2,500 ரூபாயும் போகும். கடைக்காரருக்குக் கடை நனைந்தால் அது நட்டம் என்று எல்லோருக்கும் விளங்குகிறது. இந்த இளைஞருக்கு அந்த வண்டிதான் கடை. ஆனால் வெள்ளத்தில் நனைந்த தொழிற்கருவி என்று அதை எவரும் எழுதிக்கொள்வதில்லை.

மனைவியின் இழப்பு பணக்கணக்கில் சிறிது. ஆறு நாள் போக முடியாத நிலையில் ஒரு வீட்டில் மட்டும் பிடித்தம் செய்தார்கள் என்று கொண்டால் 600 ரூபாய். ஆனால் தண்ணீர் புகுந்த வீடுகளில் சேற்றை அள்ளித் தரையைக் கழுவும் வேலை அதே சம்பளத்துக்குள் அடங்கிவிடுகிறது. தன் வீட்டுச் சேற்றைக் காலையில் அள்ளிவிட்டு, பிறர் வீட்டுச் சேற்றைப் பகலில் அள்ளிய பெண்கள் அந்த வாரத்தில் எத்தனையோ பேர். கூலி இழப்பு என்ற சொல்லுக்குள் இந்த உழைப்பு வராது, வேறு எந்தச் சொல்லுக்குள்ளும் அதைக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை; ஆயினும் சொல்லாமல் விடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

கூலியில் மட்டும் 11,400 ரூபாய். வண்டிச் செலவையும் சேர்த்தால் 13,900. இதே நாட்களில் வீட்டுச் செலவு குறையவில்லை, கூடியது. பால் தட்டுப்பாடு வந்து பாக்கெட் கிடைத்த விலைக்கு விற்றது. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்க வேண்டியிருந்தது. பள்ளி மூடியிருந்ததால் காலை உணவுத் திட்டத்திலும் சத்துணவிலும் சாப்பிடும் பிள்ளைக்கு அந்த இரண்டு வேளையும் வீட்டு அடுப்பில் ஏறியது. இந்தக் கடைசிச் செலவைப் பலர் கவனிப்பதில்லை. பள்ளி விடுமுறை என்பது ஏழை வீட்டுக்கு ஒரு பிள்ளையின் பத்து வேளைச் சோற்றுச் செலவு.

இடைவெளியை நிரப்பியது தண்டல். 10,000 ரூபாய் கேட்டால் முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, மறுநாளிலிருந்து நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பது இப்பகுதியில் எல்லோரும் அறிந்த முறை. டிசம்பர் 11-ஆம் தேதி வாங்கியிருந்தால் கடைசித் தவணை 2024 மார்ச் 20-ஆம் தேதி. புயல் இரண்டு நாள், தண்ணீர் ஒரு வாரம், தவணை நூறு நாள். தண்டல்காரர் வட்டியைக் கொடுமையாக வாங்குகிறார் என்று அவரை மட்டும் குறைசொல்லிவிட்டு நகர்வது எளிது. அந்த வாரத்தில் அந்தச் சந்துக்குள் பணத்தோடு நடந்து வந்தவர் அவர் ஒருவர்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நிலைமை முழுமையாக விளங்கும்.

எண்ணூரில் வெள்ளம் வடிந்த பிறகு

மற்றப் பகுதிகளில் நட்டம் தண்ணீரோடு குறையத் தொடங்கிய வேளையில் எண்ணூரில் அது தொடங்கியது. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளநீரோடு கலந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் பரவியது. காட்டுக்குப்பம், சிவன்படைவீதிக் குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் போன்ற ஊர்களில் படகின் அடிப்புறம் கறுத்தது, வலை பிசுபிசுத்தது, வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரம் கறுப்புக் கோடாகப் படிந்தது. எண்ணெய் ஊறிய வலையைத் துவைத்து மீட்க முடியாது. கழிமுகத்துச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்கோ வலையும் இல்லை, படகும் இல்லை. அவர்களுடைய கருவி அவர்களின் கையே என்பதால் இழந்த பொருள் என்று காட்ட அவர்களிடம் ஒன்றுமில்லாமல் போயிற்று.

மீன் வாங்குபவர்களின் அச்சம் எண்ணெயைவிட வேகமாகப் பரவியது. எண்ணூர் மீனா என்று கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பும் வாடிக்கையாளரை ஒருநாள் பொறுத்துக்கொள்ளலாம். வாரக்கணக்கில் பொறுத்தால் தொழிலே போகும். எண்ணெயை அகற்றும் வேலையில் மீனவர்களே தங்கள் படகுகளோடு இறக்கப்பட்டார்கள். வாளியாலும் குவளையாலும் அள்ளிய அந்த மனிதர்களின் படங்கள் அந்த மாதத்தில் நாடெங்கும் பார்க்கப்பட்டன.

இங்கே அரசு செய்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் அது இவ்வாய்வின் மையக் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சீர்செய்யத் தலா 10,000 ரூபாயும், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாயும் என ஏறத்தாழ 8 கோடியே 68 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. தொகை போதுமா என்பது வேறு விவாதம். வீட்டுக்குள் எத்தனை அடி தண்ணீர் வந்தது என்று மட்டும் பார்க்காமல், தொழில் நின்றுபோனதற்கும் பணம் உண்டு என்று ஏற்றுக்கொண்டது முக்கியம். இதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட நேர்ந்தது. ஒரே மாதத்தில் புயல், எண்ணெய், வாயு என்று மூன்றையும் சந்தித்த இந்தக் கரையோரத்தில், எந்த வேலைநாள் எதனால் போனது என்று பிரித்துக் கேட்பதே அநியாயமாகப் படுகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

1918-ஆம் ஆண்டு பெரம்பூரில் மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படும் அது பி அண்டு சி மில் என்ற துணியாலையின் தொழிலாளர்களை நம்பி எழுந்தது. 1990-களில் அந்த மில் மூடப்பட்டதோடு வட சென்னையின் நிரந்தரக் கூலி என்ற வழக்கமும் படிப்படியாகச் சுருங்கியது. தாத்தா மில்லில், தந்தை ஒப்பந்தத்தில், மகன் செயலியில் என்ற வரிசையை இங்கே பல வீடுகளில் காணலாம். புயல் நாளில் இந்த மாற்றத்தின் பொருள் என்ன என்பதைச் சட்டத்தைப் புரட்டினால் தெளிவாகக் காணலாம்.

மிக்ஜாம் வந்தபோது நடப்பிலிருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம், வேலை கொடுக்க இயலாத நிலைக்கான காரணங்களில் இயற்கைப் பேரிடரையும் சேர்த்திருந்தது. அப்படிப்பட்ட நாட்களுக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பாதியைக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் அது 50 பேருக்குக் குறையாத தொழிலகத்தில் ஓராண்டு தொடர்ந்து பணியாற்றி, பெயர்ப் பட்டியலில் உள்ள தொழிலாளிக்கு மட்டும். பதிலி ஆளுக்கும் தற்காலிக ஆளுக்கும் கிடையாது என்று அதே பிரிவு விலக்கிவிட்டது. மில் தொழிலாளியாக இருந்த தாத்தாவுக்குப் புயல் நாளில் பாதிச் சம்பளமாவது உரிமையாக இருந்தது. கிடங்கு வாசலில் காத்திருக்கும் அவருடைய மகனுக்கு அது இல்லை. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள தொழில் உறவுத் தொகுப்பிலும் இந்த விலக்கு நீடிக்கிறது.

அப்போது நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பலருக்குத் தெரியாத ஒன்று. நாள்கூலிக்கு வேலைக்கு எடுக்கப்பட்டவர், முதலாளி வேலை கொடுக்காத காரணத்தால் குறைந்த நேரமே உழைத்திருந்தாலும், விதிவிலக்குகள் நீங்கலாக, முழு நாள் கூலிக்கு உரியவர் என்று அது சொன்னது. மழை வலுத்ததும் பகல் பன்னிரண்டு மணிக்கு வேலையை நிறுத்தி அரைநாள் கூலியோடு அனுப்பப்படும் சித்தாள்களுக்கு இந்தப் பிரிவு பேசியிருக்க வேண்டும். ஆனால் மேஸ்திரியின் நோட்டைத் தவிர வேறு பதிவு இல்லாத இடத்தில் அதை எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை, சொன்னவருக்கு மறுநாள் வேலையும் இருக்காது.

இது நம்மூரில் மட்டும் உள்ள சிக்கல் அன்று. அமெரிக்காவில் பனிப்புயல் வந்து கடையோ ஆலையோ மூடினால், 1938-ஆம் ஆண்டு நியாயமான உழைப்புத் தரச் சட்டத்தின்படி மணிக்கூலிக்காரருக்கு உழைத்த மணிக்கு மட்டுமே கூலி. மாதச் சம்பள அலுவலருக்கோ அந்த வாரத்தில் சிறிதேனும் வேலை செய்திருந்தால் முழுச் சம்பளமும் உண்டு. 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் பனியில் உறைந்து மின்சாரமின்றிக் கிடந்தபோது இந்த வேறுபாடு அங்கே வெளிப்படையாகத் தெரிந்தது. நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் வேலைக்கு வரவழைத்துத் திருப்பி அனுப்பினால் குறிப்பிட்ட மணி நேரத்துக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்ற விதி இருக்கிறது. அங்கே அளவுகோல் மணி, இங்கே நாள். வாசல்வரை வந்து திரும்பியவரின் வெறுங்கை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆறாயிரம் ரூபாய்

அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணம் குடும்ப அட்டையின் அடிப்படையில் நியாயவிலைக் கடை வழியாக ரொக்கமாக வழங்கப்பட்டது. வங்கிக் கணக்கில் போட்டால் பழைய கடனுக்குப் பிடித்துக்கொள்ளும் அச்சம் இருக்கும் வீடுகளுக்கு ரொக்கம் என்பது நல்ல முடிவு. டோக்கன் முறையும் கூட்டத்தைக் குறைத்தது. இவற்றை மனமார ஏற்கிறேன்.

ஆனால் விநியோகம் தொடங்கியது டிசம்பர் 17-ஆம் தேதி. மழை கொட்டிய 4-ஆம் தேதியிலிருந்து 13 நாள். நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் தண்டல் வாங்கி ஆறு நாள் தவணையும் கட்டியாயிற்று. 6,000 ரூபாயை அந்த 13 நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 461 ரூபாய். அது நால்வர் உழைக்கும் வீட்டில் ஒரு லோடுமேனின் ஒரு நாள் கூலிக்கும் குறைவு. நிவாரணத் தொகை முழுவதையும் கழித்த பிறகும் கூலி இழப்பில் மட்டும் 5,400 ரூபாய் ஈடாகாமல் நிற்கிறது. வண்டிச் செலவைச் சேர்த்தால் 7,900.

தொகையைவிட அதன் அளவுகோல்தான் எனக்குக் கவலை தருகிறது. ஓர் அட்டைக்கு ஒரு தொகை. அந்த அட்டையில் நான்கு நாள்கூலிக்காரர் இருந்தாலும், மாதச் சம்பளக்காரர் ஒருவர் இருந்தாலும் ஒன்றே. மாதவரம் கிடங்குகளிலும் மணலி ஆலைகளிலும் ஒப்பந்தத்தில் உழைக்கும் பீகார், ஒடிசா இளைஞர்களைப் போல இங்கே அட்டையே இல்லாதவர்கள், அதே தண்ணீரில் நின்று அதே கூலியை இழந்தும், அட்டையுள்ளவருக்கு வீடு தேடி வந்த டோக்கனுக்குப் புறத்தே நின்றார்கள். என் கவலைக்குக் காலமும் ஒரு காரணம். 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரைத் தாக்கியபோது, பணமதிப்பு நீக்கம் நடந்து ஐந்து வாரமே ஆகியிருந்தது. கையில் நோட்டில்லாமல், வேலையும் இல்லாமல் இருந்த அந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, பேரிடரில் பணம் எவ்வளவு வருகிறது என்பதைப் போலவே எப்போது வருகிறது என்பதும் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை.

போகாதே என்று சொன்ன நாளுக்கு

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தத் தடைக்கு ஈடாக மீனவக் குடும்பத்துக்கு அரசு இன்று 8,000 ரூபாய் வழங்குகிறது. உழைக்கப் போகிறவரைப் பொது நன்மைக்காகப் போகாதே என்று தடுத்தால் அந்த நாட்களின் பசிக்குத் தடுத்தவருக்கும் பங்குண்டு என்பதுதான் இதன் அடிப்படை. தில்லியில் காற்று மாசு முற்றிக் கட்டுமானம் தடை செய்யப்பட்ட 2021 நவம்பரில், வேலை இழந்த கட்டுமானத் தொழிலாளர்களுக்கு நலவரி நிதியிலிருந்து பிழைப்பூதியம் கொடுக்குமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டதும் இதே அடிப்படையில்தான்.

புயல் எச்சரிக்கையும் அத்தகைய தடைதான். கூண்டு ஏற்றப்படுகிறது, சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது, பொது விடுமுறை அறிவிக்கப்படுகிறது, வெளியே வராதீர்கள் என்று ஒலிபெருக்கி தெருவில் சொல்லிக்கொண்டு போகிறது. அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படிந்த தொழிலாளிக்கு அந்த நாளின் கூலியில் ஒரு பகுதி, தண்ணீர் வந்ததா இல்லையா என்ற சோதனைக்குக் காத்திராமல், எச்சரிக்கை வந்த நாளிலேயே சேர வேண்டும் என்பது என் துணிபு. தண்ணீர் வராத தெருவிலும் கூலி போயிருக்கிறது என்பதைக் காசிமேட்டுக் கூடைக்காரம்மாவே காட்டுகிறார்.

இதற்குப் புதிய துறை எதையும் உருவாக்க வேண்டியதில்லை. 1982-ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழி வந்த நலவாரியங்கள் இருக்கின்றன. வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லிருந்து தனி வாரியம் இருக்கிறது. செயலி வழி உழைப்பவர்களுக்கான வாரியம் 2023-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. கல்வி, திருமணம், மகப்பேறு, ஓய்வூதியம், இறப்பு என்று வாழ்வின் பெரிய நிகழ்வுகளுக்கு இவை உதவுகின்றன. போன நாளுக்கு உதவும் வழக்கம் இல்லை. ஆயினும் 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் வாரிய உறுப்பினர்களுக்குத் தலா 1,000 ரூபாய் வீதம் அரசு வழங்கியது. பட்டியலும் பணம் போகும் வழியும் உண்டு என்பதற்கு அது சான்று.

நடைமுறையில் தடை வேறு இடத்தில் இருக்கிறது. பதிவு செய்தவர்களும் புதுப்பிக்கத் தவறுகிறார்கள், ஏனென்றால் புதுப்பிக்கப் போவதற்கும் ஒரு நாள் கூலி போகிறது. வீட்டுப் பணியாளர் பலருக்கு வாரியம் இருப்பதே தெரியாது. ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன், காசிமேட்டு ஏலக்கூடத்திலும், மணலி கிடங்கு வாசல்களிலும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் ரயிலேறும் கொருக்குப்பேட்டை நிலையத்திலும், மாலை ஏழு மணிக்குப் பிறகு, வேலை முடிந்து வருபவரை வைத்துப் பதிவையும் புதுப்பித்தலையும் நடத்த வேண்டும். அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளரையும் வேலை செய்யும் இடத்தை வைத்தே சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்த எண் கூண்டுக்கு, எந்த நிற எச்சரிக்கைக்கு, நாளுக்கு எவ்வளவு என்பதை மழைக்கு முன்பே அரசாணையாக எழுதி, ஏலக்கூடத்துச் சுவரில் மீன் விலைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும்.